மராட்டிய இசை நாடகமும் நாமும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயின் பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பவன் நான். புலவர்களும் பட்டதாரிகளும் எழுதும் மலரில் எனக்கு என்ன வேலை என்று எண்ணினேன். ஆயினும் சென்ற கார்த்திகைத் திங்களில் நான் கண்ட ஒரு நாடகமும், அன்றிரவு என் மகள் கேட்ட ஒரு கேள்வியும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவற்றை நம்மவரோடு பகிர்ந்துகொள்வது தக்கதென்று தோன்றியதால் இதனை எழுதத் துணிந்தேன். குற்றங் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கு உடன் பயிலும் மராட்டியத் தோழி ஒருத்தி உண்டு. அவள் வீட்டில் எல்லோருமாகச் 'சங்கீத சௌபத்திரம்' என்னும் நாடகத்துக்குச் செல்வதாகவும், இரண்டு நுழைவுச் சீட்டு மிகுதியாக இருப்பதாகவும் கூறி எங்களையும் அழைத்தார்கள். மும்பையில் இத்தனை காலம் வாழ்ந்தும் நான் ஒரு மராட்டிய நாடகத்துக்குக்கூடச் சென்றதில்லை. கடைத்தெருவில் பேசும் மராட்டி எனக்கு வரும். கவிதை மராட்டி வராது. மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கியே ஒரு ஞாயிறு மாலை தாதரிலுள்ள அரங்கத்துக்குச் சென்றேன்.

அரங்கில் கண்டது

அரங்கின் பின்புறம் ஒரு சிறு டெம்போ வண்டி நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து வண்ணந் தீட்டிய திரைச்சீலைகளையும் பெட்டிகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாள்தோறும் மூட்டை முடிச்சுகளை எண்ணும் தொழில் அல்லவா நமது? கண் தானாகவே எண்ணியது. பதினான்கு உருப்படிகள். துவாரகை நகரம் முழுவதும் அந்தப் பதினான்கு உருப்படிகளுக்குள் அடங்கிவிட்டது.

கதை நாம் அறியாததன்று. கண்ணனின் தங்கை சுபத்திரை அருச்சுனனை விரும்புகிறாள். அண்ணன் பலராமனோ அவளைத் துரியோதனனுக்குக் கொடுக்க முடிவு செய்கிறான். நாரதர் வாயிலாக இதனை அறிந்த அருச்சுனன் மனமுடைந்து, பின் துறவிக் கோலம் பூண்டு, அக்கோலத்திலேயே துவாரகைக்கு வருகிறான். கண்ணன் எல்லாம் அறிந்தும் ஒன்றும் அறியாதவன்போல் நடந்து, இருவரையும் சேர்த்து வைக்கிறான். நமது வில்லிபுத்தூரார் பாரதத்தில் அருச்சுனன் தீர்த்த யாத்திரைச் சருக்கத்திலும் இத்துறவுக்கோலக் கதை உண்டு.

மேடையின் முன்னால் ஒரு புறம் ஆர்கன் பெட்டியும் மறுபுறம் தபலாவும் இருந்தன. திரை விலகி நாந்திப் பாடல் தொடங்கியதும் அரங்கில் இருந்த முதியோர் கைகூப்பினார்கள். தோழியின் பாட்டியார் என் மகளுக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தார். எண்பது அகவைக்கு மேலிருக்கும். மேடையில் எந்தப் பாட்டுத் தொடங்கினாலும் அம்மூதாட்டியின் உதடுகளும் உடன் அசைந்தன. சொற்களுக்குப் பொருள் விளங்காதபோது நான் மகளைப் பார்த்தேன்; அவள் என் காதருகே தமிழில் கூறினாள். அவளுக்கே விளங்காத பழஞ்சொற்களை அவள் பாட்டியாரிடம் கேட்டாள். இவ்வாறு அந்நாடகம் மூன்று தலைமுறைகளைக் கடந்து என்னிடம் வந்து சேர்ந்தது.

துறவிக் கோல அருச்சுனனாக நடித்தவர் ஒரு பாடலை முடித்ததும், அரங்கின் பின்வரிசையிலிருந்து 'ஒன்ஸ்மோர்!' என்று ஒரு குரல் எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில் திடலில், பாயில் படுத்துக்கொண்டே நான் கேட்ட அதே சொல் அல்லவா அது! நடிகர் புன்முறுவலோடு வணங்கி மீண்டும் பாடினார். இம்முறை வேறு விதமாகப் பாடினார். மூன்று மணி நேரத்தில் நாடகம் முடிந்தது. முற்காலத்தில் விடியும்வரை நடக்குமாம். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட மூல நாடகத்தில் பலவற்றைக் குறைத்தே இந்நாளில் நடிக்கிறார்கள்.

ஓர் எழுத்தர் ஆக்கிய நாடகம்

வீடு திரும்பியபின் இந்நாடகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் முக்கியமானவற்றை இங்குச் சுருக்கமாகத் தருகிறேன்.

மராட்டிய நாடக மேடையின் தொடக்கமாக அவர்கள் கொண்டாடுவது 1843-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் விஷ்ணுதாஸ் பாவே என்பார் சாங்கிலி அரசரின் ஆதரவில் சீதா சுயம்வரம் என்னும் நாடகத்தை நடத்தினார். அந்நாளைய நாடகங்களில் பாடல் முழுவதையும் சூத்திரதாரனே பாடுவான். பாத்திரங்கள் அதற்கேற்ப ஆடிவிட்டு, வசனத்தை அவ்வப்போது தம் மனம்போல் பேசிக்கொள்வார்கள்.

அதே 1843-ஆம் ஆண்டில், இன்றைய கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த குர்லஹோசூர் என்னும் ஊரில் பிறந்தவர் பல்வந்த் பாண்டுரங்க் கிர்லோஸ்கர். மக்கள் அவரை அண்ணாசாகேப் என்பர். புனாவில் வருவாய்த் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். பார்ஸிக் குழு ஒன்றின் இசை நாடகத்தைக் கண்டு, மராட்டியில் ஏன் இப்படி ஒன்று செய்யலாகாது என்று எண்ணினார். காளிதாசனின் சாகுந்தலத்தை மராட்டியில் ஆக்கி, 1880 அக்டோபர் 31 அன்று புனாவில் மேடையேற்றினார். சௌபத்திரத்தின் முதல் மூன்று அங்கங்கள் 1882 நவம்பர் 18 அன்று நடிக்கப்பட்டன. ஐந்து அங்கங்களும் நிறைவுற்று மேடை கண்டது 1883-இல்.

அவர் செய்த புதுமை இரண்டு. பாத்திரத்தின் பாட்டைப் பாத்திரமே பாடும்படி அமைத்தது ஒன்று. வசனத்தை முன்கூட்டியே எழுதி, எழுதியபடி பேசச் செய்தது மற்றொன்று. மெட்டுகளை அவர் ஓரிடத்தில் மட்டும் எடுக்கவில்லை. கீர்த்தனக்காரர்களின் மெட்டு, லாவணி, பெண்கள் வீட்டில் பாடும் பாட்டு ஆகியவற்றோடு, தாம் பிறந்த கன்னட நாட்டில் வழங்கிய தென்னாட்டு மெட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். சில பாடல்கள் என் செவிக்கு முன்பே பழகியவைபோல் தோன்றியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

கிர்லோஸ்கர் 1885 நவம்பர் 2 அன்று, தமது நாற்பத்திரண்டாம் அகவையில் காலமானார். இன்று எனக்கு அதனினும் நான்கு வயது கூடுதல். அலுவலக மேசையில் கோப்பு எழுதிய ஒரு கை, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு மொழியினர்க்கே மேடையைச் சமைத்துக் கொடுத்துவிட்டது என்பதை எண்ணும்போது, எழுத்தர் குலத்தில் பிறந்த எனக்குப் பெருமையும் நாணமும் ஒருங்கே உண்டாகின்றன.

இரும்புப் பாதையும் இசை நாடகமும்

நாடக வரலாற்றில் என் துறைக்கும் ஒரு பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பாவே அவர்களின் குழு பம்பாய்க்கு வந்து கிராண்ட் ரோடு அரங்கில் ஆடியது 1853-ஆம் ஆண்டு. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்றுதான் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடிற்று. 1863-இல் போர் மலைத்தொடரின் மீது பாதை திறக்கப்பட்டதும் பம்பாயும் புனாவும் இரயிலால் இணைந்தன. அதன் பின்னரே திரைகளையும் அணிமணிகளையும் சமையற் பாத்திரங்களையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, முழுக் குழுவும் ஊர் ஊராகச் செல்வது எளிதாயிற்று.

1871-இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் இராய்ச்சூரில் சந்தித்தன. நம் முன்னோர் பிழைப்புத் தேடி இந்நகருக்கு ஏறி வந்த வழி அதுவே.

நாடகத் தொடர்போ இரயிலினும் பழையது. மராட்டிய மன்னர்கள் 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டார்கள். அவர்களுள் சகஜி மன்னர் தெலுங்கிலும் மராட்டியிலும் நாடகங்கள் இயற்றினார். இரண்டாம் சரபோஜி மன்னர் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் நூலை, நமது குறவஞ்சி வடிவத்தில் மராட்டி மொழியில் எழுதினார். தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையத்தில் மராட்டி நாடகச் சுவடிகள் இன்றும் உள்ளன. சாங்கிலியில் திரை விலகுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே காவிரிக் கரையில் மராட்டி நாடகம் எழுதப்பட்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

வீழ்ச்சியும் மீட்சியும்

கிர்லோஸ்கருக்குப் பின் சௌபத்திரம் பல குரல்களின் வழியே வாழ்ந்தது. முதன்முதல் சுபத்திரையாக நடித்துப் புகழ் பெற்றவர் பாவுராவ் கோல்ஹட்கர் என்னும் ஆடவர். அவருக்குப் பின் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் வந்தார். லோகமானிய திலகர் சூட்டிய 'பால கந்தர்வர்' என்னும் பெயராலேயே நாடு அவரை அறியும். 1905-இல் கிர்லோஸ்கர் குழுவிற் சேர்ந்து, 1913-இல் தமக்கெனக் கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கியவர். அவர் பெண் வேடத்தில் உடுத்திய சேலைக்கட்டையும் சூடிய பூவையும் பார்த்துக் குடும்பப் பெண்கள் பின்பற்றினார்கள் என்பர்.

1931 மார்ச் 14 அன்று 'ஆலம் ஆரா' என்னும் முதற் பேசும்படம் பம்பாயில் வெளியாயிற்று. அவ்வளவுதான், நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக்கொட்டகைகள் ஆயின. விடியும்வரை பாட்டுக் கேட்டவர்கள், மூன்று மணி நேரத்தில் குறைந்த காசில் முடியும் படத்துக்குச் சென்றார்கள். பால கந்தர்வரே 1935-இல் ஒரு படத்தில் நடித்துப் பார்த்தார். இங்கு ஒரு வியப்பு உண்டு. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதும் இந்தப் பம்பாயில்தான். அது வெளியான நாள் 1931 அக்டோபர் 31. கிர்லோஸ்கரின் சாகுந்தலம் மேடையேறிச் சரியாக 51 ஆண்டுகள் கழிந்த அதே நாள். காளிதாசன் பெயராலேயே இங்கு இசை மேடை பிறந்தது. காளிதாசன் பெயராலேயே நம்மிடம் அம்மேடைக்குப் போட்டி பிறந்தது.

மராட்டியர் தம் இசை நாடகத்தை எவ்வாறு காத்தனர் என்று பார்த்தால், ஒருவராலன்றிப் பலராலும் அது காக்கப்பட்டது தெரிகிறது. நாடக நூல்கள் அச்சில் இருந்தன. நாடகப் பாடல்கள் 'நாட்டிய சங்கீதம்' என்னும் பெயரோடு இசைக் கச்சேரிகளில் இடம் பெற்றதால், மேடை மூடியபோதும் பாட்டு வாழ்ந்தது. 1943-இல் நாடக மேடையின் நூற்றாண்டைச் சாங்கிலியில் கொண்டாடினார்கள். ஜெயராம் சிலேதாரும் ஜெயமாலா சிலேதாரும் 1949-இல் 'மராட்டி ரங்கபூமி' என்னும் குழுவை அமைத்துப் பழைய நாடகங்களை மீண்டும் மேடையேற்றினர். அவர்கள் மகள் கீர்த்தி சிலேதார் 2022-இல் மறையும்வரை அப்பணி குடும்பப் பணியாகவே தொடர்ந்தது. பால கந்தர்வர் 1967-இல் காலமான மறு ஆண்டே அவர் பெயரால் புனாவில் அரங்கம் எழுந்தது. மாநில அரசு நடத்தும் நாடகப் போட்டியில் இசை நாடகத்துக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உதடசைக்கும் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளைக் கையோடு அழைத்துச் சென்றார்கள்.

மகள் கேட்ட கேள்வி

அன்றிரவு தாதரிலிருந்து டோம்பிவிலிக்கு வரும் வண்டியில், சன்னலோரம் அமர்ந்திருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்மிடத்தில் இப்படி ஒன்று இல்லையா?"

"உண்டம்மா" என்றேன். அதற்குமேல் சொல்ல நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை இம்மலரில் ஒப்புக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடமும் ஒரு கிர்லோஸ்கர் இருந்தார். தூத்துக்குடியில் 1867-இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, பின் நாடகத்துக்கே வாழ்வை அளித்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்தாம் அவர். தெருக்கூத்தில் அவரவர் மனம்போல் பேசிய காலத்தில், பாட்டையும் வசனத்தையும் வரையறுத்து எழுதித் தந்தவர். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தவர் என்று அவர் மாணவர் தி. க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். சுபத்திரை பெற்ற மைந்தனின் திருமணக் கதை அது. 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடகசபை அமைத்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய 'வள்ளி திருமணம்' நாடகத்தைத் தென்பாண்டி நாட்டில் அறியாதவர் இலர்.

எங்கள் ஊர் மானாமதுரைக்கு அருகிலுள்ளது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் ஓரிரவு வள்ளி திருமணம் நடக்கும். நாரதர் ஓர் ஊரிலிருந்தும், வள்ளி ஓர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. ஆயினும் விடியும்வரை பிசகின்றி நடக்கும். பாடமும் பாட்டும் எல்லோர் நெஞ்சிலும் அத்துணை ஊன்றியிருந்தன. என் தந்தையார் வயலுக்கு நீர் பாய்ச்சும்போது நாரதர் பாட்டைத் தமக்குள் பாடிக்கொள்வார். படிக்கத் தெரியாதவர், ஆனால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

1995-ஆம் ஆண்டு, பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு ஊரில் இருந்தேன். எங்களைப்போன்ற இளைஞர் இருபது பேர் கூடி, "இந்தக் கிழட்டு நாடகம் எதற்கு? அதற்கு ஆகும் பணத்தில் டெக் எடுத்து மூன்று படம் போடலாம்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் வாதிட்டோம். அவர்களுள் முன்னின்று பேசியவன் நான். வாதத்தில் வென்றோம். வாடகைக்கு எடுத்து வந்த தொலைக்காட்சிப் பெட்டியைத் திடலில் மேசைமேல் வைத்தோம். வழக்கம்போல் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தந்தையார் வந்தார். ஒளிரும் பெட்டியைச் சிறிது நேரம் பார்த்து நின்றார். நாடகத்துக்கென்று அவ்வாண்டும் வரி கொடுத்தவர் அவர். ஒரு சொல்லும் பேசவில்லை. பாயை விரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் 2011-இல் காலமானார். அவ்விரவைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தாதர் அரங்கில் அம்மூதாட்டியின் உதடுகள் அசைந்ததைக் கண்டபோதெல்லாம், வரப்பில் நின்று பாடிய என் தந்தையாரே எனக்குத் தோன்றினார்.

செய்யத்தக்கது

நாடகம் கண்ட மறுவாரம் ஊரிலுள்ள என் சிற்றப்பாவோடு தொலைபேசியில் பேசினேன். "நாடகமெல்லாம் இன்னும் உண்டா, சித்தப்பா?" என்று கேட்டேன். "ஏன் இல்லை? நீங்கள் டெக் போட்டது ஒரு வருஷம். அடுத்த வருஷமே நாடகத்தை வைத்துவிட்டோமே! நீதான் வருவதில்லை" என்றார்.

அச்சொல் எனக்குச் சுருக்கென்றது. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் கோயில் விழாக்களில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் இரவெல்லாம் நடக்கின்றன. மதுரையில் நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சிற்றூர் மக்கள் தம் வரிப் பணத்தால் காத்து வருகிறார்கள். மராட்டியரிடத்தில் படித்த நகரத்தார் பழைய நாடகத்தை மீட்டெடுத்தார்கள். நம்மிடத்தில் படித்து நகரம் சேர்ந்தவர்கள்தாம் அதனைக் கைவிட்டோம். நாமே பார்க்காமல் இருந்துவிட்டு, அது மறைந்தது என்று நம் பிள்ளைகளிடம் சொல்வது பொய்யாகும்.

சௌபத்திரத்தைக் கண்ட என் மகளுக்கு வள்ளி திருமணம் விளங்காமற் போகாது. அங்கும் நாரதர், இங்கும் நாரதர். அங்குத் துறவிக் கோலத்தில் மணமகன் வருகிறான். இங்கு வேலன், வேடன், விருத்தன் என்று கோலம் மாற்றி வருகிறான். அங்குத் துணை நிற்பவன் கண்ணன். இங்கு யானையாய் வந்து துணை நிற்பவர் அண்ணன் விநாயகர். பழஞ்சொல் விளங்காதபோது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இம்முறை அவள் காதருகே பொருள் சொல்ல வேண்டியவன் நான். வரும் சித்திரைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சங்கத்தின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நமது ஆண்டு விழாவில் பட்டிமன்றமும் திரையிசையும் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு மதுரையிலிருந்து வள்ளி திருமணக் குழு ஒன்றையும் வரவழைக்க வேண்டும். நடிகர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஆகாது. விடியும்வரை நடத்த இந்நகரில் இயலாது. மராட்டியரைப்போல் மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம். அவர்கள் பயணத்துக்கு முன்பதிவு செய்வதும், திரைச்சீலை மூட்டைகள் ஒன்றும் குறையாமல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. இருபது ஆண்டுகளாகப் பிறர் மூட்டைகளை எண்ணியவன், ஒரு முறை நம் மூட்டைகளை எண்ணுகிறேன். அன்று பாட்டோடு உதடசைக்கும் முதியோர் நம்மிடையேயும் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்கு அருகில் நம் பிள்ளைகளை அமர்த்துவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!